நரைத்த தேக்கு

தலை நரைத்தால் மனிதன் கவலைப்படுகிறான்; கடைக்குப் போய்ச் சாயம் வாங்கி வருகிறான். அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சாயம் வெளுத்தால் நரை திரும்பி வரும், அவ்வளவுதான். ஆனால் படகின் தேக்குத் தளம் நரைத்துவிட்டதென்று மனம் வருந்துகிறவர்கள் செய்யும் காரியம் இருக்கிறதே, அதற்குப் பரிகாரமே கிடையாது.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் கொச்சியில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய மரப் படகு ஒன்றை அவர் ஆசையோடு வாங்கியிருந்தார். "தேக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். பாருங்கள், சாம்பல் பூத்துக் கிடக்கிறது!" என்று அங்கலாய்த்தார். அங்கலாய்த்ததோடு நிற்கவில்லை. இரண்டு ஆட்களை அமர்த்தி, அவர்கள் கையில் இரும்புக் கம்பிப் பிரஷ்ஷையும், ஒரு புட்டியில் காரமும் மறு புட்டியில் அமிலமுமாக விற்கும் மருந்தையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லியிருந்தார். நான் போனபோது முன்பாதி முடிந்திருந்தது. பொன்னிறம் வந்திருந்தது வாஸ்தவந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தேன்; உள்ளங்காலில் வரி வரியாக உறுத்திற்று.

நரை என்பது நோயன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சி நிற்கும் நார்தான் வெள்ளிபோல் தோன்றுகிறது. இந்த மாறுதல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி ஆழத்துக்கு மேல் போவதில்லை. அதற்குக் கீழே தேக்கு தன் எண்ணெயோடும் வலிமையோடும் அப்படியே இருக்கிறது. கம்பிப் பிரஷ் நரையை மட்டுமா எடுக்கிறது? மரத்தின் ரேகைகளில் மென்மையான பகுதியைத் தோண்டிவிட்டுக் கடினமான பகுதியை மேடாக நிறுத்துகிறது. போதாததற்கு, உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருவேறிக் கரும்புள்ளிகளாகின்றன. காரமும் அமிலமும் செய்வது இதே வேலையை, ஆனால் சத்தமில்லாமல்.

இந்த மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமாலி'. இலங்கைத் திருகோணமலைக்கு அருகே 1782-ல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்சண்டையின் ஞாபகார்த்தமாக வைத்த பெயர். நெப்போலியன் யுத்தங்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், பம்பாயில் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்ஸி தலைமைச் சிற்பியின் பொறுப்பில் மலபார்த் தேக்கினால் அது கட்டப்பட்டது. வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812-ல் அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்துபோகவே, வேறு படங்கள் வரும்வரை வேலை காத்திருக்க நேர்ந்தது. 1817 அக்டோபர் 12-ந் தேதி கப்பல் நீரில் இறங்கிற்று. ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. மரமும் நம்முடையது, கைத்திறமும் நம்முடையது, பெயர்கூட அண்டை வீட்டுப் பெயர். கொடி மட்டும் அவர்களுடையது! 1990-ல் தொடங்கி 2001 வரை நடந்த செப்பனிடும் வேலையின் பயனாகப் பழைய தோற்றத்தை அது திரும்பப் பெற்றது.

சரி, நண்பரின் படகுக்கு வருவோம். தேக்குத் தளத்துக்கு வேண்டியது உப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும்தான். ரேகையின் போக்கில் தேய்க்கவே கூடாது. குறுக்கே தேய்க்க வேண்டும். கப்பல்காரர்கள் தளத்தைக் கடல் நீரால் கழுவியது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து மரம் வெடிக்காமல் காக்கும், பூஞ்சையையும் அண்டவிடாது. தேங்கி நிற்கும் மழைநீர்தான் சத்துரு. மழைக்காலத்தில் படியும் பச்சைப் பாசி வேறு விஷயம், காலை வழுக்கிவிடும். அதை உடனே அகற்றிவிட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசலாமே என்றார் நண்பர். சில வாரம் அழகாயிருக்கும். பிறகு கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் கைப்பிடிக்கும் கதவுக்கும் சரி. பல பூச்சுகள் கொடுத்து, வெடிப்புக் காணுமுன் புதுப்பூச்சும் கொடுக்கிற பொறுமை வேண்டும். தளத்துக்கு அது ஆகாது. நனைந்தால் கால் நிற்காது.

நிறத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியவை இடுக்குகள். முன்பு பஞ்சோ சணல் நாரோ திணித்துக் கீல் உருக்கி ஊற்றுவார்கள். இப்போது ரப்பர் போன்ற பசை போடுகிறார்கள். தளத்தை நன்றாக நனைத்துவிட்டு உலரும்போது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பலகையெல்லாம் காய்ந்த பிறகும் எந்த இடுக்கின் ஓரம் ஈரமாகக் கறுத்து நிற்கிறதோ, அங்கேதான் நீர் உள்ளே இறங்குகிறது. நண்பரின் படகில் அப்படி நான்கு இடங்களைக் கண்டோம். திருகாணித் தலைகளை மறைக்கும் தேக்கு மூடிகளில் இரண்டு, தேய்த்த பாதியில், காகிதம்போல் மெலிந்து பெயர்ந்து வந்தன. நண்பர் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஆட்களுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு இடுக்குகளையும் புதிதாக அடைத்தாயிற்றாம். முன்பாதி மேடுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாமா என்று கேட்கிறார். மற்ற மூடிகளின் கனத்தை முதலில் அளந்து எழுதும்படி பதில் போட்டிருக்கிறேன்.