செதில் இல்லாத சொரியாசிஸ்

சொரியாசிஸ் என்றதும் முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில் உதிரும் தடித்த படைதான் நம்மவர் நினைவுக்கு வரும். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பதும் இதனையே. அந்த அடையாளம் இல்லாமலும் இந்நோய் வரும். பத்திரிகைக்காரனுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்பீர்கள். நோயை விட, அது கவனிக்கப்படும் விதமே என் கவலை.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் வருவது ஒரு வகை. ஈரத்தில் செதில் தங்காது. தோல் சிவந்து பளபளக்கும். பூஞ்சணப் படை என்று எண்ணி, பார்மசியில் கேட்டு வாங்கிய பூச்சு மருந்தை மாதக்கணக்கில் தடவுவோர் கண்டியிலும் உண்டு, கனடாவிலும் உண்டு. அதில் வீரியமான ஸ்டீரொயிட் இருந்தால் முதலில் குணம் தெரியும், பிறகு தோல் மெலியும். சிறுவர்களுக்குத் தொண்டை அழற்சி வந்து இரண்டு, மூன்று வாரங்களில் துளித்துளியாகத் தோன்றுவது இன்னொரு வகை. பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும்.

அஞ்ச வேண்டியவை வேறு இரண்டு. ஒன்றில் காய்ச்சலோடு உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் எழும். அந்தச் சீழில் கிருமி இராது. எனவே அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை. சொரியாசிஸ் உள்ளவர், எந்த நோய்க்காகவேனும் உட்கொண்ட ஸ்டீரொயிட் குளிசையைத் திடீரென நிறுத்தினால் இது மூளக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் வரலாம். மற்றதில் உடல் முழுவதும் சிவந்து சூட்டையும் நீரையும் இழக்கும். கலஹா, புசல்லாவைக் குளிரில் அப்படி ஒருவரை விடியும்வரை லயத்தில் வைத்திருக்கக் கூடாது. அன்றே கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை. சீழ்க்கொப்புள வகைக்கென்றே ஸ்பெசோலிமாப் என்ற ஊசி மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலையோ நமக்கு எட்டாதது.

எட்டுகின்ற மருந்து மெதொட்ரெக்சேட். மலிவானது, பழையது, நல்லது. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இந்த ஒரு வரியைத்தான் தோட்டத்திலிருந்து வரும் நோயாளியின் மருந்து உறையில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் கிறுக்கித் தருகிறார்கள். கையில் வாங்குபவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். அரசியலமைப்பை மாற்றச் சொல்லவில்லை. ‘ஞாயிறு மட்டும்’ என்று ஒரு றப்பர் முத்திரை செய்து அந்த உறையில் குத்தச் சொல்கிறேன்.