அலுமாரியில் இருப்பது குப்பை அல்ல

யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோவியத் காலத்து மொஸ்கோவின் தமிழ்ப் பதிப்புகளைப் 'பிரசாரக் குப்பை' என்று தள்ளி, பழைய கடதாசி விலைக்குப் போடச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். அதற்கு மூன்று காரணங்கள் காட்டுகிறார். மூன்றும் பிழை.

அவை முழுக்கக் கட்சிப் பிரசாரமாம். டோல்ஸ்டோயின் 'புத்துயிர்ப்பு' 1899இல் வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' 1848இல். பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' 1913இல், சார் மன்னன் ஆண்ட காலத்தில். 1917இல் பிறந்த ஆட்சிக்கு இவை எப்படிப் பிரசாரமாகும்? முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்ற பெயர்களை அட்டையில் கண்டதும் தீர்ப்பெழுதிவிட்டார், உள்ளே புரட்டவில்லை.

மலிவு விலை தூண்டிலாம். வாசித்தவர்கள் மொஸ்கோவுக்கு அடிமையானார்களாம். 1963-64இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, வடக்கின் தோழர்கள் பலர் சீன சார்பு அணியின் தலைவர் சண்முகதாசனோடு மொஸ்கோவை எதிர்த்தே நின்றார்கள். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்களும் அவர்களே. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் சாதியை எதிர்த்து அடிவாங்கியவர்களை அடிமைகள் என்பது அவதூறு.

எங்கள் சனத்துக்கு இவற்றால் பயனே இல்லையாம். 1990க்குப் பின் மின்சாரமில்லாமல், பொருளாதாரத் தடைக்குள், ஜாம் போத்தல் விளக்கில் இவற்றைப் படித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் உடைக்காமல், சுழற்றிப் பார்த்தே பிரித்தறியும் வழியைப் பெரெல்மான் சொல்லித்தருகிறார். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. அவரே 1942இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டில் பட்டினியால் இறந்தவர். முற்றுகை என்றால் என்னவென்று அறிந்த ஊர், அந்த மனிதனின் நூலை எறியாது.

ஸ்டாலினின் வதைமுகாம்களை அந்தப் பதிப்புகள் மறைத்தன. 1940இல் எழுத்தாளர் ஐசக் பாபெலைச் சுட்டுக் கொன்றதும் அதே ஆட்சிதான். அந்த மௌனத்தைக் கண்டிக்கிறேன். அதற்கு மருந்து, மறைத்ததைச் சொல்லும் நூல்களையும் வாங்கிப் பக்கத்தில் அடுக்குவது. இருப்பதை ஒழிப்பது மறைத்தவர்களின் வேலையையே தொடர்வதாகும்.

1981இல் 97,000 நூல்களோடு நூலகத்தை எரியக் கொடுத்த ஊர் இது. இங்கே எந்தப் புத்தகத்தையும் அழிக்க யோசனை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கட்டுரையாளர் தன் யோசனையை மீளப்பெற வேண்டும்.