பழுதும் பொறுப்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை, கல்வராயன் மலையின் வளைவுகளினூடே ஏறுகிறது. மலையில் விளையும் மரவள்ளியும் புளியும் கடுக்காயும் சமவெளிக்கு இறங்குவதும், நோயாளிகள் கள்ளக்குறிச்சிக்கு விரைவதும் இச்சாலை வழியேதான். சமவெளியில் எஞ்சின் திடீரென நின்றால் வண்டியை ஓரங்கட்டலாம். மலை வளைவில் நின்றால் உயிருக்கே கேடு. ஆயினும், விபத்து நேர்ந்தவுடன் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்னும் ஒற்றைத் தொடரோடு விசாரணை முடிந்துவிடுவதுண்டு. வாகனத்தின் பழுது காரணமாகுமா என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

அவ்வினாவைத் தள்ளிப்போட்டதன் விளைவை அமெரிக்கா கண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கோபால்ட் முதலிய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் போதிய இறுக்கமின்றி அமைந்திருந்தது. சாவிக்கொத்தின் எடையாலோ முழங்கால் பட்டதாலோ சாவி தானே திரும்பியது, எஞ்சின் நின்றது, மோதும் கணத்தில் காற்றுப்பையும் விரியவில்லை. ஓடும்போதே எஞ்சின் நிற்கிறது என்று வந்த புகார்களை நிறுவனத்தார் பாதுகாப்புக் குறையாகக் கொள்ளாமல், வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்றே வகைப்படுத்தினர். பின்னர் அந்த சுவிட்ச் திருத்தப்பட்டபோதும் அதன் உறுப்பு எண் மாற்றப்படவில்லை. அதனால் பழைய கார்களில் மட்டும் இக்கோளாறு மிகுவதன் காரணம் ஆய்வாளர்களுக்குப் புலப்படவில்லை. ஜார்ஜியா மாநில வழக்கொன்றிற்காகப் பொறியாளர் ஒருவர் பழைய சுவிட்சையும் புதியதையும் ஒப்பிட்டபோதே உண்மை வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 124 இறப்புகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. சிறு உறுப்பொன்றின் குறைக்கு ‘வசதிக்குறைவு’ எனத் தவறான பெயரிட்டதே இத்துயரை வளர்த்தது.

மனிதர் செய்யும் பொருளில் குறை நேர்வது இயல்பு. அறிந்தபின் மறைப்பதே குற்றம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் கார்களைத் தயாரித்த ஃபோர்டு நிறுவனம், 2013ஆம் ஆண்டு ஃபிகோ, கிளாசிக் வகைகளில் 1,66,000க்கும் மேற்பட்ட கார்களைத் தானே முன்வந்து திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் குழாயிலும் பின்பக்க அச்சமைப்பிலும் ஐயம் எழுந்ததே காரணம். இத்தகைய அழைப்பைக் கேட்டு நிறுவனத்தை எள்ளுவது பொருந்தாது. எள்ளலுக்கு அஞ்சும் நிறுவனம் அடுத்த முறை வாய் திறவாது.

இந்தியாவில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 இயற்றப்பட்டபின், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரம் நடுவண் அரசுக்குக் கிடைத்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றன. தானே குறையை அறிவித்துத் திரும்பப் பெறும் நிறுவனத்திற்குத் தண்டம் இல்லை. நேர்மையை ஊக்குவிக்கும் இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கது.

எனினும், ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களையே இவ்விதிகள் தழுவுகின்றன. பழைய வண்டியின் தேய்மானத்திற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பது நியாயமே. ஆனால், வடிவமைப்பிலேயே உள்ள குறை வயதாவதால் மறைந்துவிடுவதில்லை. புதிதாக வாங்கியவர் விற்ற வண்டியே பலர் கைமாறி மலையூர்களை அடைகிறது; நிறுவனம் அனுப்பும் மடலோ முதல் உரிமையாளரின் முகவரியிலேயே தங்கிவிடுகிறது. புதிய வண்டி வாங்க வசதியற்றவர் குறையுள்ள வண்டியில் செல்வதுதான் நீதியா?

இதற்கு வழியில்லாமல் இல்லை. தகுதிச் சான்று வழங்கும்போதும் உரிமை மாற்றம் பதியும்போதும் சேசிஸ் எண்ணைக் கொண்டு திரும்ப அழைக்கப்பட்ட வாகனமா என்று சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கலாம். பழுதான உறுப்பைக் கழற்றி எறிந்துவிடாமல், அதைப் புகாருடன் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பயன்படுத்துவோரும் பழுதுநீக்குவோரும் மேற்கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் புகார்களை ஒன்றுசேர்த்துக் காரணம் காண்பது நிறுவனத்தின் கடமை. கண்ட காரணம் கடைசி உரிமையாளர் வரை சென்று சேர்கிறதா என்று உறுதிசெய்வது அரசின் கடமை. வெள்ளிமலைச் சாலையில் செல்லும் பழைய வண்டிக்கும் அக்கடமை உரியது.