காலின் பணியைக் கை செய்யும் வாகனம்: டென்மார்க் சட்டமும் எம்மவர் தயக்கமும்

அண்மையில் டென்மார்க்கின் யூலண்ட் பகுதியிலுள்ள தொழிற்பேட்டையொன்றில், ஊனமுற்றோர் ஓட்டுவதற்கும் பயணிப்பதற்கும் ஏற்றவாறு வாகனங்களை மாற்றியமைக்கும் நிறுவனமொன்றைப் பார்வையிடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டால் இக்கட்டுரை விளம்பரமாகிவிடும் என்பதால் அதனைத் தவிர்த்துள்ளோம். வெளித்தோற்றத்தில் அது ஒரு சாதாரண கராஜ். உள்ளே சென்றதும் முதலில் கண்ணிற்பட்டது, இன்னும் வீதியையே காணாத புத்தம் புதிய வான் ஒன்று. அதன் நடுத்தரை முழுவதும் அறுத்து அகற்றப்பட்டிருந்தது. வாகனப் பதிவு வரியாகப் பெறுமதியின் 180 வீதம் வரை நீண்டகாலம் அறவிடப்பட்ட நாடு இது. இன்றும் உயர்ந்த படிநிலையில் 150 வீதம் அறவிடப்படுகிறது. கார் ஒன்றை வாங்குவதற்காக எம்மவர் எத்தனை ஆண்டுகள் துப்புரவுப் பணியிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் மேலதிக நேரம் வேலை செய்தனர் என்பதை அறிந்தவர்களுக்கு, புதிய வாகனமொன்றின் வயிற்றை இவ்வாறு அறுத்து வைத்திருப்பதைக் காண மனம் ஒருகணம் துணுக்குறவே செய்யும்.

அறுப்பதற்கான காரணம் எளிது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தலை, காரின் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரின் தலையைவிட உயரத்தில் இருக்கும். நாற்காலியை விட்டு இறங்காமலேயே அவர் உள்ளே ஏறவேண்டுமாயின் ஒன்றில் கூரை உயரவேண்டும், அல்லது தரை தாழவேண்டும். வெட்டிய இடத்தில் தாழ்வான புதிய தரை அமைக்கப்படுகிறது. பின்புறத்தில் சாய்தளமோ, மின்சாரத்தால் இயங்கும் தூக்குமேடையோ பொருத்தப்படுகிறது. உள்ளே நாற்காலியைத் தரையோடு கவ்விப் பிடிக்கும் பூட்டு உண்டு. நாற்காலிக்கும் மோதற் பரிசோதனை இருக்கிறது. வாகனத்தில் ஆசனமாகப் பயன்படும் சக்கர நாற்காலிகளுக்கென ஐ.எஸ்.ஓ. 7176 தரத்தொகுதியின் 19ஆம் பகுதி தனியாகவே வகுக்கப்பட்டுள்ளது.

ஓட்டுபவருக்கான மாற்றங்கள் இதனிலும் நுணுக்கமானவை. இரு கால்களும் இயங்காதவருக்கு ஸ்ரியரிங் வளையத்தின் அருகே ஒரு நெம்புகோல்: தள்ளினால் பிறேக், இழுத்தால் வேகம். ஒரு கை அதிலேயே இருப்பதால், மறு கையால் மட்டும் வளையத்தைத் திருப்புவதற்கு அதில் ஒரு குமிழ் பொருத்தப்படுகிறது. சமிக்ஞை விளக்கு, ஹோர்ன், கண்ணாடி துடைப்பான் ஆகியவற்றின் பொத்தான்கள் அக்குமிழிலேயே அமைகின்றன. வலது காலை மட்டும் இழந்தவருக்கு வேக மிதி பிறேக்கின் இடப்புறத்துக்கு மாற்றப்படுகிறது. தசைநார்ச் சிதைவினால் கையை உயர்த்தவே இயலாதவரும் ஓட்டலாம். விரல்களால் அசைக்கும் சிறு கோலின் அசைவை மின்னணுச் சாதனங்கள் சில்லுகளுக்குக் கொண்டு செல்கின்றன. ஒரு சாதனம் பழுதுபடின் மற்றொன்று உடனே பொறுப்பேற்கும் வகையில் அவை இரட்டிப்பாக அமைக்கப்படுகின்றன. இம்மாற்றங்கள் யாவும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இலக்கங்களாகப் பதியப்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவ்விலக்கங்கள் பொதுவானவை: 20 எனில் மாற்றப்பட்ட பிறேக், 25 எனில் வேக மிதி, 40 எனில் ஸ்ரியரிங். வாசகர்கள் தமது பத்திரத்தின் பின்புறத்தைப் பார்த்தால் 01 என்ற இலக்கம் பலருக்கு இருக்கும். அது மூக்குக் கண்ணாடிக்கானது. கண்ணாடி அணிந்து ஓட்டுபவரும் நெம்புகோலால் ஓட்டுபவரும் அப்பத்திரத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர்.

இத்தொழிலுக்கு இப்போது புதியதொரு சிக்கல் தோன்றியுள்ளது. 2024இல் டென்மார்க்கில் புதிதாகப் பதிவான கார்களில் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரக் கார்கள். 2035 முதல் புகைவிடும் புதிய கார்களின் விற்பனையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றியது. அதனைத் தளர்த்தவேண்டுமென்ற வாதங்கள் எழுந்தபோதிலும் போக்கு மாறப்போவதில்லை. மின்சாரக் காரின் பற்றரி எங்கே இருக்கிறது? தரையின் கீழே. எந்தத் தரையை அறுத்துத் தாழ்த்தவேண்டுமோ அந்தத் தரையின் கீழே. பற்றரியின் பாரமும் தூக்குமேடையின் பாரமும் 150 கிலோவைத் தாண்டக்கூடிய மின்சார நாற்காலியின் பாரமும் சேரும்போது, சாதாரண சாரதிப்பத்திரத்தின் வழமையான எல்லையாகிய 3500 கிலோவை வாகனம் விரைவில் எட்டிவிடுகிறது. பொத்தான்கள் யாவும் தொடுதிரைக்குள் மறைந்துவிட்டமை இன்னொரு தொல்லை. கை எட்டாதவருக்குத் திரை இருந்தென்ன, இல்லாமலென்ன? சூழலுக்கு நன்மை தரும் மாற்றம் ஒன்று, எவரும் திட்டமிடாமலேயே ஒரு சாராரை வீதியிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்பதை வாகன உற்பத்தியாளர்கள் இன்னும் போதியளவு கவனத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

எனினும் இயந்திரச் சிக்கல்களுக்கு என்றோ ஒருநாள் தீர்வு கிட்டும். யார் பணம் கொடுப்பது என்பதே இவ்விடயத்தின் மையமான கேள்வியாகும்.

டென்மார்க்கில் இதற்கான விடை 1998இல் நடைமுறைக்கு வந்த சமூக சேவைச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் உள்ளது. உடல் அல்லது உள ஆற்றல் நிலையாகவும் கணிசமாகவும் குறைந்தமையால் நடமாடுவதற்கோ, தொழில் செய்வதற்கோ, கல்வியை முடிப்பதற்கோ கார் இன்றியமையாததாக உள்ளவருக்கு நகரசபை உதவவேண்டும் என்கிறது அப்பிரிவு. கார் வாங்குவதற்கு வட்டியில்லாக் கடன் வழங்கப்படும். வருமானம் குறைந்தவர் அதில் பாதியை மட்டும் தவணை முறையில் திருப்பிச் செலுத்தினாற் போதும். நெம்புகோல், தூக்குமேடை போன்ற விசேட அமைப்புகள் கடனில் சேரமாட்டா. வருமானத்தைக் கருதாது அவை மானியமாகவே வழங்கப்படும். ஊனமுற்றவர் தாமே ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மனைவி ஓட்டலாம், மகன் ஓட்டலாம். ஊனமுற்ற குழந்தைக்காகப் பெற்றோர் ஓட்டலாம். எம்மவரிற் பலர் அறியாதது இதுவே.

இச்சட்டம் ஒரே நாளில் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. ஹான்ஸ் குனுட்சன் என்ற பாதிரியார் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சங்கத்தைக் கொப்பன்ஹேகனில் தொடங்கியது 1872இல். ஊனமுற்றோர் அமைப்புகள் ஒரே குடையின்கீழ் ஒன்றிணைந்தது 1934இல். 1952இல் கொப்பன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, மூச்சுவிட இயலாத நோயாளருக்குச் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றை அழுத்திக் கொடுத்தனர். அவ்வாறு உயிர் தப்பியவர்கள், உயிர் தப்பியதோடு திருப்தியடையவில்லை, வாழவும் கேட்டனர். தசைநார்ச் சிதைவு நோயுடன் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஏவல்ட் குறோ 1971இல் தம்மையொத்தோருக்கான அமைப்பை நிறுவினார். தமது உதவியாளரைத் தாமே தெரிவுசெய்து தமது வீட்டிலேயே வாழும் உரிமைக்காக ஓகூஸ் நகரசபையோடு போராடினார். 'ஓகூஸ் முறை' எனப் பெயர்பெற்ற அந்த ஏற்பாடு பின்னர் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. அவர் 2018இல் காலமானார். கருணையாகத் தொடங்கிய ஒன்றை உரிமையாக மாற்றியவர்கள் ஊனமுற்றோரே என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

ஏனைய நாடுகளோடு ஒப்பிட்டால் இதன் தன்மை மேலும் விளங்கும். ஜேர்மனியில் 1987ஆம் ஆண்டின் வாகன உதவி ஒழுங்குவிதி, தொழில் வாழ்வில் பங்குபற்றுவதற்காகவே உதவுகிறது. வேலைக்குச் செல்பவருக்கே கார் என்பது அதன் பொருள். பிரித்தானிய அரசோ இரண்டாம் உலகப் போரின் பின்னர் வெளிர்நீல நிற மூன்று சில்லு வாகனத்தை ஊனமுற்றோருக்கு வழங்கிவந்தது. அதில் ஒரேயோர் ஆசனந்தான். மனைவியையோ பிள்ளையையோ ஏற்ற வழியில்லை. ஊனமுற்றவருக்குக் குடும்பம் இருக்கும் என்று அதனை வடிவமைத்தவர்கள் எண்ணவில்லை போலும். பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு 2003இல் அது வீதியிலிருந்து அகற்றப்பட்டது. 1977இல் தொடங்கிய மொட்டபிலிற்றி திட்டம் சாதாரணக் கார்களையே வழங்குகிறது. டென்மார்க்கின் சட்டம் வேலையோடு நின்றுவிடவில்லை. உறவினரைப் பார்க்கவும், கோயிலுக்கும் கூட்டத்துக்கும் போகவும் கார் தேவையெனில் அதனையும் அது கருத்திற் கொள்கிறது.

ஆனால் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதற்கும் அது ஒருவரின் கையை வந்தடைவதற்கும் இடையே ஒரு மேசை இருக்கிறது என்பதை டென்மார்க் தமிழருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. குடும்பங்களை அழைப்பதற்குச் சட்டம் தந்த உரிமையை, 1987இல் நீதியமைச்சராக இருந்த எறிக் நின்-ஹான்சன் கோப்புகளை அசையாமல் வைக்கச் செய்ததன் மூலம் முடக்கினார். அந்தத் 'தமிழர் வழக்கு' 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூற்றரின் அரசையே பதவி விலகச் செய்தது. 1995இல் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அதனையும் இதனையும் ஒன்றென்று கூற நாம் வரவில்லை. அங்கே நடந்தது அமைச்சரொருவரின் சட்டமீறல். இங்கே நடப்பது பெரும்பாலும் நகரசபைகளின் பண நெருக்கடி. 2007இல் 271 நகரசபைகள் 98 ஆக இணைக்கப்பட்டபோது, ஊனமுற்றோர் தொடர்பான பெரும்பாலான செலவுகளும் அவற்றின் தோளிலேயே ஏறின. கோப்பைத் தீர்மானிப்பவரும் பணத்தைக் கொடுப்பவரும் ஒருவரே என்றானபின், ஐயம் எழும் இடத்திலெல்லாம் 'இல்லை' என்ற சொல் இலகுவாக வருவதில் வியப்பில்லை.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'உமக்கு வேறு போக்குவரத்து உண்டு' என்பது அது. நடமாட இயலாதோருக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் வருடத்துக்கு ஆகக்குறைந்தது 104 பயணங்களை வழங்கவேண்டும் என்று சட்டம் கூறுவது உண்மையே. ஆனால் அவை ஒருவழிப் பயணங்கள். போய்வந்தால் 52. அதாவது வாரத்துக்கு ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே போகலாம். அத்துடன் அப்பயணத்தை முன்கூட்டியே பதிவுசெய்யவும் வேண்டும். வாழ்வின் தேவைகளை இவ்வாறு எண்ணிக் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. மேன்முறையீடுகளில் நகரசபைகளின் முடிவு எத்தனை வீதம் மாற்றப்பட்டது அல்லது திருப்பியனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் நாட்டுவரைபடத்தைச் சமூக விவகார அமைச்சு 2018 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. ஊனமுற்றோர் தொடர்பான முடிவுகளில் மாற்றம் கண்டவை சிறு தொகையல்ல. முறையிட்டவருக்குத்தான் அந்த மாற்றம் கிடைத்தது.

எம்மவரில் எத்தனைபேர் முறையிடுகின்றனர்? இந்நாட்டிற்கு 1980களில் வந்த தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கிறது. முழங்கால் தேய்ந்தோர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இழந்தோர், ஷெல் துண்டை முள்ளந்தண்டில் சுமந்தபடியே விமானம் ஏறியோர் எமது மத்தியில் உள்ளனர். ஹேர்னிங்கிலும் பிறான்டவிலும் கோயில் திருவிழாவுக்கு ஊரே திரளும்போது, இவர்களிற் பலரைக் காண்பதில்லை. 'அவருக்கு ஏலாது, வீட்டிலை இருக்கிறார்' என்ற ஒரு வசனத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஊரில் நிலைமை வேறு. வன்னியில் மிதிவெடியால் ஒரு காலை இழந்தவர் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிறார். அவ்வண்டியில் கிளச், கியர், வேகம் யாவும் கையில். பிறேக் மட்டுமே காலில். எந்தப் பட்டறையும் மாற்றியமைக்காமலே ஒற்றைக் காலுக்கு உகந்த வாகனம் அது. பின்னால் இரு துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரும் ஆங்கே ஓடுகிறது. இத்தனைக்கும் இலங்கையில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1996 முதல் ஏட்டில் உண்டு, ஐ.நா. சாசனத்தை அந்நாடு 2016இல் உறுதிசெய்தும் இருக்கிறது. கையில் ஒன்றும் வந்து சேராத இடத்தில் மனிதர் வெளியே வருகின்றனர். சட்டம் பணத்தோடு காத்திருக்கும் இடத்தில் நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

எமக்கு நன்கு தெரிந்த குடும்பமொன்றில் தந்தைக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. 'அரசாங்கத்திடம் கையேந்துவதா' என்று பிள்ளைகள் மூவரும் சேர்ந்து பணம் போட்டுக் கார் வாங்கினர், ஆசனத்தையும் மாற்றினர். அதன்பின்னரே நகரசபைக்கு எழுதினர். முன்னரே செலவிட்ட பணத்துக்கு உதவி வழங்கமுடியாது என்று பதில் வந்தது. சட்டப்படி அப்பதில் பெரும்பாலும் சரியே. விண்ணப்பம் முதலில், அனுமதி அடுத்தது, கார் அதன் பின்னர் என்பதே ஒழுங்கு. இன்னொரு வீட்டில் மறுப்புக் கடிதம் வந்தது. டெனிஷ் மொழியில் நான்கு பக்கம். தாய் அதனை மடித்துச் சாமிப்படத் தட்டில் வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்த மகள் வீடு வந்தபோது முறையீட்டுக்கான காலம் கடந்துவிட்டது.

அக்காலம் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரங்கள். முறையீடு முதலில் நகரசபைக்கே செல்லும். அது தன் முடிவை மீள ஆராய்ந்து, மாற்றாவிடில் மேன்முறையீட்டுச் சபைக்கு அனுப்பவேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. கோப்பிலுள்ள அனைத்தையும் பார்வையிடும் உரிமை உண்டு. சந்திப்புக்குச் செல்லும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் உரிமை உண்டு. அத்துணைவர் மகளாக இருக்கலாம், அயலவராக இருக்கலாம், சங்கத்தின் செயலாளராகவும் இருக்கலாம். வாரத்தில் எத்தனை நாள் எங்கெங்கு போகவேண்டியிருக்கிறது என்பதை ஒரு மாதம் கொப்பியொன்றில் குறித்து வைத்துக்கொண்டு சென்றால், மேசைக்கு அப்பால் இருப்பவருக்கும் 104 என்ற எண் போதாது என்பதை விளக்குவது இலகுவாகும்.