வீட்டுக்கணக்கு யாருடைய கணக்கு?

மாலையில் பத்துக் கணக்குகள் தருகிறார்கள். காலையில் பத்துக்கும் விடை இருக்கிறது. நோட்டுப் புத்தகம் நிறைகிறது. அறிவு நிறைகிறதா? கைடைப் பார்த்து எழுதிய பத்துக் கணக்கைவிடத் தானே போட்ட மூன்று கணக்கு மேல் என்பதே நம் கருத்து.

பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் சமமான சிறு சதுரங்களை வெட்டி எடுத்து, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். அதன் கன அளவு மிக அதிகமாக இருக்க எவ்வளவு வெட்டலாம்? வெட்டும் நீளம் 'அ' எனில் கன அளவு அ(12 – 2அ)². இதை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 2, 6 என இரு விடைகள் வருகின்றன. கைடு 6-ஐத் தள்ளிவிடுகிறது. ஏன்? படம் வரைந்தவள் உடனே சொல்வாள்: ஒவ்வொரு மூலையிலும் 6 செ.மீ. வெட்டினால் தகடே மிஞ்சாது! 2 செ.மீ. வெட்டினால் 128 கன செ.மீ. கிடைக்கும். 1 செ.மீ. வெட்டினால் 100, 3 செ.மீ. வெட்டினால் 108. பார்த்து எழுதியவளுக்கு 2 என்பது வெறும் எண். வரைந்தவளுக்கு அது ஒரு பெட்டி.

தகடு வெட்டுவது நம் ஓசூருக்குப் புதிதல்ல. 1980-களிலேயே லாரியும் கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கிய ஊர் இது. இன்று கைப்பேசிப் பாகங்கள் செய்யும் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கின்றனர். பிறர் வரைந்த வரைபடத்தைப் பார்த்து இயந்திரத்தை இயக்குவதோடு நாம் நின்றுவிடுவதா? அந்த வரைபடத்தை வரைபவர்களாகவும் உயர வேண்டாமா?

"நேரம் எங்கே?" என்று தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அம்மா ஷிப்டுக்குப் போன வீட்டில் சோறு வடிப்பதும் தம்பி தங்கையரைப் பார்ப்பதும் நம் பொறுப்பு. ஆகவே அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறோம்: கணக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். விடைக்கு மட்டுமன்றி, படத்துக்கும், முடிக்க முடியாமல் நின்ற இடம்வரை எழுதிய படிகளுக்கும் மதிப்பளியுங்கள்.

கைடே கூடாது என்பதன்று. கும்பகோணத்தில் 1903-இல் இராமானுஜன் கைக்கு வந்த கார் என்பாரின் நூலும் பெரும்பாலும் முடிவுகளையே அடுக்கிய நூல்தான். அவர் அந்த முடிவுகளைப் படியெடுக்கவில்லை. தாமே நிறுவிப் பார்த்தார்.

தோழியரே! நம்முள் தமிழ் பேசும் வீட்டினரும், தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டினரும் உண்டு. முக்கோணம் எல்லோருக்கும் ஒன்றே. கூடி உட்கார்ந்து முதலில் படம் வரைவோம். விடையைக் கடைசியில் பார்ப்போம்.