கை வெடிப்பும் தொழில் நோய்தான்

சென்ற தவணையில் ஒரு மாணவியின் தேர்ச்சி அறிக்கை இரண்டு வாரமாகக் கையொப்பம் இல்லாமலே திரும்பி வந்தது. நாங்கள் பிள்ளையைக் கடிந்துகொண்டோம். பிறகு தாய் பாடசாலைக்கு வந்தார். முந்தானைக்குள் மறைத்திருந்த கையை வெளியே எடுத்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வெடித்து, பேனா பிடிக்க முடியாத நிலை. அந்தக் கையோடுதான் அன்று காலையும் கொழுந்து எடுத்திருக்கிறார். "இது எல்லாருக்கும் உள்ளதுதானே சேர்" என்றார்.

எல்லாருக்கும் உள்ளது என்பதால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது. குளவி கொட்டினால் அன்றே செய்தியாகிறது. கை வெடித்தால் எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை. தொழிற்சங்கக்காரர்களாகிய நாங்களும் இதுவரை இதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோகவில்லை. அது எங்கள் குறை.

கரப்பான் என்று நாம் சொல்லும் இந்த நோயை வைத்தியர்கள் கை எக்சிமா என்பார்கள். மழையிலும் பனியிலும் நனைந்த கொழுந்து, உரம், களைநாசினி, வீட்டுக்கு வந்தால் சவர்க்காரத் தூள், குளிர்ந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து தோலின் காப்பை அரித்துவிடுகின்றன. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் வறட்சியும் அரிப்பும்தான். அடுத்து சிவந்து, சிறு கொப்புளம் போடும். முற்றினால் தோல் தடித்து, வெடித்து, இரத்தம் கசியும். இரவில் தூக்கமும் போகும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வருடத்தில் இரண்டு தடவையாவது திரும்பி வந்தாலோ அது நாட்பட்ட நோய். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும், தோலின் காப்புச் சக்தி முழுதாகத் திரும்ப மாதக்கணக்காகும். அதற்குள் அதே ஈரத்துக்கும் உரத்துக்கும் கையைக் கொடுத்தால் மீண்டும் வெடிக்கும். வைத்தியம் தாமதிக்கத் தாமதிக்கக் குணமாவதும் கடினம். தொடக்கத்திலேயே கவனித்தால் பலருக்கு நன்றாகக் கட்டுப்படும். சிறு வயதிலிருந்தே கரப்பான் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரம் ஒற்றி, வஸ்லின் தாராளமாகப் பூசுங்கள். துணி துவைக்கும்போது இறப்பர் கையுறைக்குள் உலர்ந்த பருத்திக் கையுறை போடுங்கள். உள்ளே நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும், இல்லையேல் அதுவே கெடுதி. கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் கிரீம்களைப் பூசாதீர்கள். படை நோயும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். தவறான மருந்து அதை வளர்த்துவிடும். சீழ், வீக்கம், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் வஸ்லின் போத்தலோடு இந்த விஷயம் முடிந்துவிடாது. தடித்த கையுறை போட்டுக் கொழுந்து கிள்ள முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். கை ஆறும்வரை ஈரமில்லாத வேறு வேலை கொடுப்பதுதான் வழி. இன்று நடப்பதோ வேறு: வெடித்த விரலோடு மலைக்குப் போனால் நிறை குறைகிறது, நிறை குறைந்தால் அரைப் பேர். நோயைக் கொடுத்ததும் வேலை, அதற்குத் தண்டனை கொடுப்பதும் அதே வேலை!

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில், வேலையால் வரும் தோல் அழற்சிகளும் இடம்பெற்றுள்ளன. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. நாம் கேட்பது நான்கு:

தோட்ட டிஸ்பென்சரியில் ஒவ்வொரு கை நோயும் பதிவாக வேண்டும். ஆறாதவர்களைப் பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்; அந்த நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. உரம் போடுவோருக்கும் மருந்து அடிப்போருக்கும் தகுந்த கையுறை வேண்டும். வைத்தியர் துண்டு கொடுத்தால், முழுப் பேரோடு மாற்று வேலை வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது கையை முந்தானைக்குள் மறைக்காதீர்கள், அக்காமாரே. மேசை மேல் வையுங்கள். எத்தனை கை என்று எண்ணி எழுதிக்கொண்டுதான் நாம் துரையிடம் போக வேண்டும்.