பிறன் திண்ணையில் தமிழன் குரல்

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு ஓர் உண்மை பாடம் சொல்லாமலே விளங்கும். பின்னுவதும் தைப்பதும் அவன் கை. ஆடையின் கழுத்தில் ஏறும் பெயர்ச்சீட்டோ அயலானுடையது. பகலெல்லாம் இந்நிலையை நொந்துகொள்பவன், இரவில் கைப்பேசியைத் திறந்து தன் குரலையும் அயலான் பெயர்ச்சீட்டுக்கே தைத்துக் கொடுக்கின்றானே, இதை என்னென்பது?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் இணையத்தில் பரப்பப்பட்டன. திருப்பூரும் பழி சுமந்தது. அதே ஆண்டு மே இறுதியில், சீமான் உள்ளிட்ட நாம் தமிழர் கட்சியினரின் கீச்சகக் கணக்குகள் இந்தியாவிற்குள் முடக்கப்பட்டன. பொய் பரவியபோது உடனே களைய ஆளில்லை. குரல் அடைபட்டபோது சென்று கேட்க வாயிலில்லை. திண்ணை பிறனுடையதாயின், பேச்சும் அவன் விட்ட வழியன்றோ?

மாற்று உண்டு. 2016-இல் செருமனியில் ஓர் இளைஞர் தொடங்கிய மாசுடடான் கட்டற்ற மென்பொருள். அதில் ஒற்றை உரிமையாளன் இல்லை. ஆயிரக்கணக்கான வழங்கிகள் தனித்தனியே இயங்கி, மின்னஞ்சல்போல் ஒன்றோடொன்று உரையாடுகின்றன.

கணக்குத் தொடங்குதல் எளிது. வழங்கியைத் தேர்ந்து, அதன் நெறிமுறைக்கு இசைந்து, பெயரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தந்தால் போதும். தேர்வதே அரிது. கூட்டம் மிகுந்தது எது என்பதன்று கேள்வி. நடத்துவோர் யார்? செலவைத் தாங்குவோர் யார்? பொய்யையும் இழிசொல்லையும் நீக்கத் தமிழறிந்த கண்காணிப்பாளர் உண்டா? இவையே கேள்விகள். தனிமடலை நடத்துவோர் படிக்க இயலும். வழங்கி மாறினால் பின்தொடர்வோர் உடன்வருவர், எழுதிய பதிவுகள் வாரா. இவற்றையும் அறிந்தே நுழைதல் வேண்டும்.

“அரசின் ஆணை அங்கும் வாராதோ?” என்பார் உளர். வரும். ஆயினும், ஒரு வாயிலுக்கு இட்ட ஒரு பூட்டு ஊரையே அடைக்கும். ஆயிரம் வாயிலை அடைக்க ஆயிரம் பூட்டு வேண்டும்!

பின்னலாடைக் கல்லூரியும் தொழிற்பேட்டையும் உள்ள ஊருக்கு ஒரு வழங்கியை நடத்த ஆற்றலில்லையா? தமிழ் மன்றங்களும் தொழிற்சங்கங்களும் செலவைப் பகிர்ந்து, தமக்கென ஒரு வழங்கியை நிறுவட்டும். ஆடையில் அயலான் பெயர் ஏறினும் ஏறுக. குரலில் தமிழன் பெயரே நிற்கட்டும்!